தாமல் பக்கம் ஓட்டும் ஃபோர் பை ஃபோருக்கு எந்த டயர்?

தார், ஜிம்னி, கூர்க்கா என்று எதை வாங்கினாலும் முதல் மாதத்திலேயே எழும் ஆசை டயரைப் பெரிதாக்குவதுதான். கடையில் கேட்டால், "முப்பத்துமூணு இன்ச் வரைக்கும் போடலாம் சார், மட்கார்டுல லேசா உரசும், வெட்டிக்கலாம்" என்பார்கள். மட்கார்டுக்குள் நுழைவதும் சட்டத்துக்குள் நிற்பதும் ஒன்றல்ல. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வெள்ளை கேட், பாலுசெட்டிசத்திரம் வழியாகத் தாமல் வந்து, ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் தெற்கே பாலாற்று மணலிலும் வண்டி இறக்குகிற ஒருவருக்கு எது பொருந்தும் என்று மட்டும் இங்கே பார்ப்போம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வேரியன்ட்டில் கம்பெனியே போட்டுக் கொடுக்கும் மிகப் பெரிய அளவு எதுவோ, அதோடு நிறுத்துங்கள். மிச்சப் பணத்தை டயரின் பூவிலும் (டிரெட்) காற்றடிக்கும் கம்ப்ரஸரிலும் போடுங்கள்.

ஏன் அங்கே கோடு? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தியபோது 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாமல் பாகங்களை மாற்றிப் பொருத்தும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். டயர் மாற்றுவது 'மாற்றியமைத்தல்' ஆகுமா என்று வாதாட இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்தை விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயரிடம் நடத்த வேண்டியிருந்தால் உங்கள் பாடு கஷ்டம். கம்பெனி போட்ட அளவாக இருந்தால் அந்தப் பேச்சே எழாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் பில்லரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். அதை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் போர்டு வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை: பதிவு விவரத்திலேயே டயர் அளவு ஏறியிருக்கும், எஃப்சி-க்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் அதைத்தான் பார்ப்பார்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர், "எங்க ஊர்ல 50 மில்லிமீட்டர் வரைக்கும் கூட்டலாமே" என்பார். உண்மைதான். அங்கே நான்கு சக்கர இழுவை வண்டிக்குத் தேசிய விதித்தொகுப்பில் விட்டத்துக்கு அப்படி ஓர் எல்லை உண்டு. அந்த 50-ஐ இங்கே கொண்டுவந்து காட்டினால் எந்த இன்ஸ்பெக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இனி அளவு. 245/75 ஆர்16 என்றால் அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் அதில் 75 விழுக்காடு, ரிம் 16 அங்குலம். பக்கச்சுவரை இரண்டால் பெருக்கி ரிம்மைக் கூட்டினால் விட்டம் சுமார் 774 மி.மீ. 2020-இல் வந்த தாரின் ஏஎக்ஸ் வேரியன்ட் அளவு இது. அதே தாரின் எல்எக்ஸ்-இல் 255/65 ஆர்18: சுமார் 789 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் 15 மி.மீ., அதாவது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே ஏஎக்ஸ் வைத்திருப்பவர் எல்எக்ஸ் அளவுக்கு ரிம்மோடு மாறுவது மிகப் பாதுகாப்பான அப்சைஸ். ஆனால் எல்லோருக்கும் அது நல்ல அப்சைஸ் இல்லை. 18 அங்குல ரிம்முக்குப் பக்கச்சுவர் குட்டை. கல்லில் ஏறும்போது ரிம் அடிபடும், காற்றைக் குறைக்கவும் இடம் குறைவு. மணலில் இறங்குகிறவருக்கு அந்தப் பழைய 16-தான் மேல். பார்வைக்கு 18 எடுப்பாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

அடுத்த படி 265/75 ஆர்16, சுமார் 804 மி.மீ. ஏஎக்ஸ்-ஐ விட 4 விழுக்காடு பெரிது. எந்தத் தாரிலும் கம்பெனி போடாத அளவு. பலர் போட்டிருக்கிறார்கள், ஓடுகிறது. ஆனால் நான் மேலே சொன்ன கோட்டுக்கு வெளியே. அதற்கும் மேலே 33 அங்குலம் என்று விற்கும் 285/70 ஆர்17. அதன் விட்டம் 831 மி.மீ., கூடுதல் 7 விழுக்காட்டுக்கும் மேல். மீட்டரில் 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 107-இல் போய்க்கொண்டிருக்கும். ஸ்பீட் கேமராவுக்கு உங்கள் மீட்டர் தெரியாது. இத்தனை செலவுக்கும் தரை இடைவெளியில் கிடைப்பது விட்டத்தில் கூடியதில் பாதிதான்: 28 மி.மீ., இரண்டு விரல் தடிமன் கூட இல்லை. அதற்கு விலையாக லிஃப்ட் கிட், வெட்டிய மட்கார்டு, நீளும் பிரேக் தூரம், இரண்டாவது கியரில் முனகும் இன்ஜின். 'உயர்த்திய வண்டி' என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜிம்னிக்காரர்களுக்கு வேரியன்ட் வழி கிடையாது. இந்தியாவில் 195/80 ஆர்15 மட்டும்தான், 693 மி.மீ. அவர்கள் அதிகம் போடும் 215/75 ஆர்15 ஒன்றரை விழுக்காடுதான் பெரிது. மீட்டரோ மட்கார்டோ தொந்தரவு தராது. இருந்தாலும் அது கம்பெனி அளவு அல்ல என்பதை மனதில் வைத்து, இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டுப் போடுங்கள். 235/75 ஆர்15 கிட்டத்தட்ட 6 விழுக்காடு. அந்தச் சின்ன இன்ஜின் மீது அவ்வளவு பாரம் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

தாமல் மண்ணுக்கு வருவோம். பெரிய டயர்தான் எல்லா இடத்துக்கும் நல்லது என்ற நம்பிக்கை இங்கேதான் கவிழும். ஏரியைச் சுற்றியும் பாசன வயல்களிலும் இருப்பது களி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது மேலே சோப்பு, கீழே கெட்டி. அகலமான டயர் மேல்சேற்றில் மிதந்து வழுக்கும். ஒடுக்கமானது சேற்றைக் கிழித்துக் கீழே உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். ஜிம்னியின் அந்த 195 அகலத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் ஒரு முறை மழைக்குப் பின் வண்டிப்பாதையில் அதன் பின்னால் போய்ப் பார்க்கலாம். பாலாற்று மணலில் கதை தலைகீழ். அங்கே மிதக்கத்தான் வேண்டும். ஆனால் மிதப்பதற்கு அகலம் வேண்டியதில்லை, காற்றைக் குறைத்தால் போதும். முப்பதை ஒட்டிய பிஎஸ்ஐ-யை 18 அல்லது 20-க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் சப்பையாகி மண்ணில் பதியும் பரப்பு கூடும். கம்பெனி டயரே நகர ஆரம்பிக்கும். 33 அங்குலம் போட்டுக் காற்றைக் குறைக்காமல் இறங்கியவர்தான் தாமல் டிராக்டர்காரருக்குப் போன் போடுவார். திரும்ப நெடுஞ்சாலை ஏறுமுன் காற்றை நிரப்பியாக வேண்டும். 18 பிஎஸ்ஐ-யோடு 80-இல் ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கலாம். 12 வோல்ட் கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும்.

பூ விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: ஏடி (ஆல் டெரெய்ன்). எம்டி (மட் டெரெய்ன்) டயரின் பெரிய கட்டைகள் சேற்றில் ராஜா, ஈரத் தார்ச்சாலையில் ஆபத்து. உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி தேசிய நெடுஞ்சாலை 48-இல்தான். ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை இடையே ஆறு வழிப் பணி ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டே போனதில் மாற்றுப்பாதைகளும் ஜல்லியும் பழகிப்போன ஒன்று. அதற்குக் கெட்டியான பக்கச்சுவர் உள்ள ஏடி போதும், ஹெச்டி (ஹைவே டெரெய்ன்) கொஞ்சம் பூஞ்சை.

இன்னொரு வேடிக்கை. தாமலைச் சுற்றி வட்டம் போட்டால் அரக்கோணத்தில் எம்ஆர்எஃப், ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜேகே, சியட் என்று டயர் ஆலைகள்தான். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பிறகு, வெளிநாட்டு ஆஃப்ரோட் டயர் தேடி அலைவதில் அர்த்தம் குறைந்துவிட்டது. எதை வாங்கினாலும் பக்கச்சுவரில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15633 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இறக்குமதி டயருக்கும் அது கட்டாயம். அளவுக்குப் பக்கத்தில் 104எஸ் என்பது போல் ஒன்று இருக்கும். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை. இவை இரண்டும் கம்பெனி டயரை விடக் குறையக் கூடாது. சில எம்டி டயர்கள் க்யூ ரேட்டிங், அதாவது 160-தான். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், கேட்க வேண்டும்.

விலை பேசும்போது நான்குக்குப் பேசாதீர்கள், ஐந்துக்குப் பேசுங்கள். ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டு, பஞ்சர் ஆன அன்று அதை மாட்டி, 4ஹெச் போட்டால், ஒரு சக்கரம் மற்றவற்றை விட வேகமாகச் சுற்ற, டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃப்பரன்ஷியலும் அதன் சுமையைச் சுமக்கும். பெரிய ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டினாலோ கீல் நாளடைவில் தொங்கும், கதவு சரியாக மூடாது. ஐந்துக்குக் காசு போதவில்லை என்றால் அளவை விடுங்கள். பழைய அளவிலேயே ஐந்து நல்ல ஏடி டயர் வாங்கி, அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.