மணியாச்சியில் ரயில் ஏன் நிற்கிறது?

அன்பு மருமகள் கயலுக்கு,

மாமா எழுதுவது. பள்ளி ஆண்டு மலருக்கு மணியாச்சி ஸ்டேஷனைப் பற்றி எழுத உட்கார்ந்தாயாம். "வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்ட இடம்" என்பதற்கு மேல் ஒரு வரியும் ஓடவில்லை என்று அம்மாவிடம் அலுத்துக்கொண்டாயாம். அந்த வரி கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் தண்டவாளத்தைப் பார்.

தென்னிந்திய ரயில்வே 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை மீட்டர் கேஜ் பாதையைத் திறந்தது. வெள்ளைக்காரர்களுக்கு வேண்டியது துறைமுகம். கரிசல் பருத்தி கப்பலேற வேண்டும். அதனால் தூத்துக்குடிக்குப் போனது பிரதானப் பாதை. அவ்வளவு பழைய, பெரிய ஊரான திருநெல்வேலிக்குக் கிடைத்தது கிளைப் பாதை! அந்தக் கிளை பிரியும் இடம்தான் மணியாச்சி. ஊருக்காக வந்த ஜங்ஷன் இல்லை இது. இன்றைக்கு நிலைமை தலைகீழ்: மதுரையிலிருந்து போகும் நாகர்கோவில் வண்டிகளெல்லாம் திருநெல்வேலி வழியாகவே ஓடுகின்றன, தூத்துக்குடிதான் கிளை.

அந்தக் காலத்தில் கொழும்புக்குப் போகிறவர்கள் சென்னையிலிருந்து போட் மெயிலில் தூத்துக்குடிக்கு வந்து கப்பல் ஏறுவார்கள். வியாபாரிகள், துரைமார்கள், தேயிலைத் தோட்டத்துக் கூலிகள் எல்லாருக்கும் இதே வழி. மணியாச்சியைத் தாண்டித் தட்டப்பாறையில் கூலிகளைத் தங்கவைத்து மருத்துவச் சோதனை செய்ய ஒரு முகாமே இருந்தது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இதே கொழும்புப் பயணிகளை நம்பித்தான். அவர் பிறந்த ஒட்டப்பிடாரம் வட்டத்தில்தான் மணியாச்சியும் இருக்கிறது. 1908இல் அவரைச் சிறைக்கு அனுப்பியபோது தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்தவர் ஆஷ்.

இப்போது உன் வரிக்கு வருவோம். 1911 ஜூன் 17. ஆஷ் அப்போது திருநெல்வேலி கலெக்டர். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க மனைவியோடு புறப்பட்டார். திருநெல்வேலி வண்டி காலை பத்தரை மணிவாக்கில் மணியாச்சிக்கு வந்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து போட் மெயில் வரவேண்டும். அதுவரை முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருக்க வேண்டியதுதான். அந்த இடைவெளியில்தான் செங்கோட்டை வாஞ்சி பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்துக் கழிவறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். கலெக்டர் பங்களாவிலோ கச்சேரியிலோ இப்படி நெருங்க முடிந்திருக்குமா? இணைப்பு வண்டிக்குக் காத்திருப்பவர், அவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும், இருந்த இடத்திலேயே இருந்தாக வேண்டும். வாஞ்சியும் அவருடைய கூட்டாளிகளும் கால அட்டவணையைக் கூர்ந்து படித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. உன் கட்டுரையில் இந்தக் கோணத்தைச் சேர்த்துக்கொள். தேசபக்தியை மட்டும் எழுதினால் எல்லாருடைய கட்டுரையும் ஒன்றுபோலவே இருக்கும்.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பிவிட்டது. மணியாச்சி இலங்கைப் பயணிகளை இழந்தது. ஆனால் ஜங்ஷன் வேலை நிற்கவில்லை.

அந்த வேலை என்ன என்று ஒரு தாளில் வரைந்து பார். மதுரைப் பாதை வடக்கிலிருந்து வருகிறது. தூத்துக்குடிப் பாதை, திருநெல்வேலிப் பாதை இரண்டும் ஸ்டேஷனின் தெற்கு முனையில் பிரிகின்றன. மதுரையிலிருந்து வரும் வண்டி எந்தப் பக்கமும் நேரே போய்விடும். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பாசஞ்சருக்கு அது முடியாது. மணியாச்சிக்குள் வந்து நின்று, இன்ஜினைக் கழற்றி, பின் முனையில் மாட்டிக்கொண்டு, வந்த பக்கமாகவே வெளியேற வேண்டும். முதன்முறை வருகிறவர்கள் ரயில் ஊருக்கே திரும்புகிறதென்று பதறுவார்கள்! சில வருஷங்களுக்கு முன்புவரை தூத்துக்குடிப் பெட்டிகளைக் கொண்டுவந்து சென்னை போகும் குருவாயூர் எக்ஸ்பிரஸில் கோக்கிற வேலையும் இங்கேதான் நடந்தது.

இப்போது அகலப் பாதை, இரட்டைப் பாதை, மின்சார இன்ஜின் எல்லாம் வந்தாயிற்று. முத்துநகர் எக்ஸ்பிரஸும் இந்த வழிதான். பலகையில் 'வாஞ்சி மணியாச்சி' என்றிருக்கும். ஜனங்கள் மணியாச்சி என்றே டிக்கெட் கேட்பார்கள்.

அடுத்த லீவுக்கு வரும்போது பாசஞ்சரிலேயே வா. இன்ஜின் மாற்றும்போது இறங்கி நின்று பார்க்கலாம். கப்ளிங் போடுகிறவரிடம் பேச்சுக் கொடு, நான் எழுதாததெல்லாம் அவருக்குத் தெரியும். ஹார்ன் கேட்டதும் ஏறிவிடு.

அன்புடன்,
மாமா