'ஓல்வேய்ஸ்' எப்போதும் 'எப்போதும்' அல்ல

சின்ன வகுப்பிலேயே படித்துவிட்ட சொல், அதில் இனி என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 'ஓல்வேய்ஸ்' என்றால் எப்போதும், எந்நாளும்.

அது நிற்கும் இடம் சுலபம். சாதாரண வினைக்கு முன்னால் வரும்: 'ஷி ஓல்வேய்ஸ் கம்ஸ் லேற்.' 'இஸ்', 'ஆர்' போன்றவற்றுக்குப் பின்னால் வரும்: 'ஷி இஸ் ஓல்வேய்ஸ் லேற்.' தொடர்நிகழ்காலத்தோடு சேர்ந்தால் பெரும்பாலும் குறை சொல்லும் தொனி வந்துவிடும். 'யூ ஆர் ஓல்வேய்ஸ் லூசிங் யுவர் பென்' என்பது, "உனக்கு எந்நாளும் பேனையைத் தொலைக்கிறதுதான் வேலை" என்று உம்மா ஏசுவது மாதிரி.

சிக்கல் எதிர்மறையில்தான். 'அவர் எப்போதும் வீட்டுப்பாடம் தருவதில்லை.' தருவதே இல்லையா, சில நாட்களில் மட்டும் தருவதில்லையா? தமிழில் குரலை வைத்துத்தான் பிரித்தறிகிறோம். (இந்தக் கட்டுரையின் தலைப்பையும் இரண்டு விதமாக வாசிக்கலாம்.) ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'நெவர்', இரண்டாவதற்கு 'நொட் ஓல்வேய்ஸ்'. மாற்றி எழுதினால் புள்ளியும் போகும், பொருளும் போகும்.

நான் மாட்டிக்கொண்டது வேறோர் இடத்தில். குடும்பத்தைப் பற்றி 'ஓல்வேய்ஸ்' வைத்து ஒரு வசனம் எழுதச் சொன்னார் ரீச்சர். 'வி ஹேவ் ஓல்வேய்ஸ் லிவ்ட் இன் ஜஃப்னா' என்று எழுதி, உம்மம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"நடுவில இருவது வருஷத்த எங்க புள்ள விட்டாய்?" என்றார்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லி யாழ்ப்பாண முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். எங்கள் குடும்பம் புத்தளத்துக்குப் போய், 2010இல்தான் திரும்பியது. அப்போது எனக்கு இரண்டு வயது.

'ஹேவ் ஓல்வேய்ஸ் லிவ்ட்' என்றால் அன்று தொடங்கி இன்றுவரை இடைவெளியே இல்லை என்று பொருள். 'ஹேவ்' ஐ எடுத்து 'வி ஓல்வேய்ஸ் லிவ்ட்' என்று எழுதினால், வாழ்ந்தது முடிந்துபோன கதை, இப்போது இங்கே இல்லை என்பது போலாகிவிடும். முதலாவது அந்த இருபது வருடத்தை மறைக்கிறது. இரண்டாவது எங்களையே மறைக்கிறது.

அகராதியைப் புரட்டியபோது ஒன்று கண்டேன். இச்சொல் பழைய ஆங்கிலத்தில் 'முழு வழியும்' என்ற பொருள்கொண்ட தொடரிலிருந்து வந்ததாம். நம் பேச்சில் சொன்னால், வழி நெடுக.

புத்தளத்தில் இருந்த காலம் முழுக்க, உம்மம்மா 'ஊர்' என்று சொன்னால் அது யாழ்ப்பாணம்தான் என்று உம்மா சொல்வார். ஆகவே 'ஓல்வேய்ஸ்' ஐ அப்படியே விட்டுவிட்டு வினையை மாற்றினேன்: 'மை கிராண்ட்மதர் ஹேஸ் ஓல்வேய்ஸ் கோல்ட் ஜஃப்னா ஹோம்.'

ரீச்சர் சரி போட்டார். உம்மம்மாவும்தான்.