பழைய வெள்ளிக் காசு: எதை வாங்கலாம், எதை விடலாம்?

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் பழைய திருவிதாங்கூர் நாட்டின் ஊர்கள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் எல்லை மாறியது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் இருந்தது. எல்லையின் இரு பக்கமும் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் மக்கள் வாழ்கிறார்கள். இரு பக்கமும் பல வீட்டுப் பெட்டிகளில் பழைய காசுகள் இருக்கின்றன.

சிலர் இந்தக் காசுகளை விற்கிறார்கள். சிலர் வெள்ளி விலை கொடுத்து வாங்குகிறார்கள். வெள்ளிக்காக வாங்குபவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பழைய காசு எல்லாம் வெள்ளி அல்ல. வெள்ளிக் காசிலும் எல்லாம் ஒரே தரம் அல்ல.

திருவிதாங்கூர்க் காசு

திருவிதாங்கூரில் காசு, சக்கரம், பணம், ரூபாய் என்று நாணயங்கள் இருந்தன.

16 காசு = 1 சக்கரம்
4 சக்கரம் = 1 பணம்
7 பணம் = 1 திருவிதாங்கூர் ரூபாய்

ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆங்கில அரசின் ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். "நாலு சக்கரம் சம்பாதிக்க வேண்டும்" என்ற பேச்சு இன்றும் மலையாளத்தில் உண்டு.

பழைய வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும். அதைக் கையால் எண்ணுவது கடினம். அதற்காக ஒரு மரப் பலகை இருந்தது. அதில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். சக்கரத்தை அள்ளிப் போட்டுப் பலகையை ஆட்டுவார்கள். ஒரு குழியில் ஒரு சக்கரம் விழும். நிறைந்த குழிகளைக் கொண்டு கணக்குத் தெரிந்துவிடும். பிற்காலத்தில் சக்கரம் செம்பிலும் வந்தது. ஆகவே சக்கரம் என்றாலே வெள்ளி என்று எண்ணக் கூடாது.

பணம், கால் ரூபாய், அரை ரூபாய் ஆகியவை வெள்ளியில் வந்தன. இவற்றில் சங்கு முத்திரையைக் காணலாம். ஆண்டு கொல்லம் ஆண்டாக இருக்கும். அதோடு 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1099-இல் பெரு வெள்ளம் வந்ததை முதியவர்கள் சொல்வார்கள். 1099-உம் 825-உம் சேர்ந்தால் 1924.

ஆங்கில அரசின் ரூபாய்

ராஜா தலை, ராணி தலை போட்ட ரூபாய்தான் அதிகமாக விற்பனைக்கு வருகிறது. இதன் முழு எடை 11.66 கிராம். இதுவே பழைய ஒரு தோலா எடை. அதனால் அந்தக் காலத்தில் ரூபாய்க் காசையே எடைக்கல்லாகவும் வைத்தார்கள்.

1835 முதல் 1939 வரை வந்த ரூபாயில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. மீதி ஒரு பங்கு வேறு உலோகம். ஒரு முழு எடைக் காசில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கும்.

இரண்டாம் உலகப் போர் 1939-இல் தொடங்கியது. வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. எடை அதே 11.66 கிராம். சுத்த வெள்ளி 5.83 கிராம் மட்டுமே.

1947-இல் வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை. அது நிக்கல் காசு. ஒரு பக்கம் ராஜா தலை, மறு பக்கம் புலி. பார்க்க வெள்ளி போலவே பளபளக்கும்.

ஒரு கணக்கு

ஒரு வீட்டில் சீட்டுப் பணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். பேத்திக்காகக் கொஞ்சம் வெள்ளி வாங்கி வைக்க மாமியும் மருமகளும் நினைக்கிறார்கள். ஒருவர் காசுப் பையோடு வருகிறார். வெள்ளி விலை நாள்தோறும் மாறும். கணக்குக்காக ஒரு கிராம் சுத்த வெள்ளி 100 ரூபாய் என்று கொள்ளலாம்.

"எல்லாமே ராஜா தலைதான் அம்மா. பத்துக் காசு இருக்கு. ஒன்று 1,166 ரூபாய். வெள்ளி விலைக்கே தருகிறேன்" என்கிறார் விற்பவர்.

"மக்களே, உனக்கு எழுத்துத் தெரியுமே. காசில் என்ன போட்டிருக்கு, பாரு" என்கிறார் மாமி.

மருமகள் ஒவ்வொரு காசாகத் திருப்பிப் பார்க்கிறாள்.

"மாமி, நாலு காசு 1912, 1917, 1918, 1919. மற்ற ஆறும் 1943-க்கும் 1945-க்கும் இடையில் உள்ளது. அந்த ஆறில் பாதிதான் வெள்ளி."

பத்தும் தேயாத காசுகள். தராசில் எடை சரியாக இருக்கிறது. கணக்கு இதுதான்:

முதல் நாலு காசு: 4 × 1,069 = 4,276 ரூபாய்
மற்ற ஆறு காசு: 6 × 583 = 3,498 ரூபாய்
மொத்தம்: 7,774 ரூபாய்

விற்பவர் கேட்டது 11,660 ரூபாய். ஆண்டு பார்க்காமல் வாங்கியிருந்தால் 3,886 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். விற்பவர் காசின் முழு எடையையும் சுத்த வெள்ளியாகக் கணக்கிட்டார். நாலு இலக்கத்தைப் படித்ததால் வீட்டுப் பணம் மிஞ்சியது.

1943-ஆம் ஆண்டுக் காசை வாங்கவே கூடாதா? பாதி விலைக்குக் கிடைத்தால் நட்டம் இல்லை. ஆனால் திரும்ப விற்கும்போது சிரமம் உண்டு. கலப்பு அதிகம் உள்ள காசை உருக்கிச் சுத்தம் செய்யச் செலவு ஆகும். அந்தச் செலவைக் கடைக்காரர் விலையில் கழிப்பார். அதனால் வெள்ளிக்காக வாங்குபவருக்கு 1939-க்கு முந்திய ரூபாயே நல்லது.

விடுதலைக்குப் பின் வந்தவை

1969-இல் காந்தியடிகள் நூற்றாண்டுக்கு 10 ரூபாய் நாணயம் வந்தது. எடை 15 கிராம். 100-க்கு 80 பங்கு வெள்ளி. ஆக 12 கிராம் சுத்த வெள்ளி. அதே நூற்றாண்டுக்கு வந்த காந்தி 1 ரூபாயும் 50 பைசாவும் நிக்கல். 1964-இல் வந்த நேரு 1 ரூபாயும் நிக்கல்தான். 1972-இல் விடுதலை வெள்ளி விழாவுக்கு வந்த 10 ரூபாயில் எடை 22.5 கிராம். அதில் பாதி வெள்ளி.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. ஆண்டைப் படிக்க வேண்டும். தேய்ந்து ஆண்டு தெரியாவிட்டால் வாங்காமல் இருப்பதே மேல்.

2. எடை போட வேண்டும். புழங்கிய காசு தேய்ந்திருக்கும். தராசு காட்டும் எடைக்கே விலை.

3. காந்தத்தை அருகில் வைக்க வேண்டும். நிக்கல் காசு ஒட்டும். வெள்ளி ஒட்டாது. ஆனால் ஒட்டாதது எல்லாம் வெள்ளி அல்ல. 1919-ஐ ஒட்டி எட்டணாவும் நாலணாவும் செம்பும் நிக்கலும் கலந்து வந்தன. அவை காந்தத்தில் ஒட்டா.

4. வளையம் பற்றவைத்த காசைத் தனியாகப் பார்க்க வேண்டும். மாலையில் கோத்த காசில் பற்றுப் பொடியின் எடையும் சேர்ந்திருக்கும்.

5. சந்தேகம் வந்தால் நம்பிக்கையான தட்டாரிடம் உரைத்துப் பார்க்க வேண்டும். போலிக் காசும் உண்டு. சில ஆண்டுக் காசு கிடைப்பது அரிது. அதைச் சேகரிப்பவர்கள் அதிக விலை கொடுப்பார்கள். அந்தக் காசில்தான் போலி அதிகம். வெள்ளிக்காக வாங்குபவர் அந்த அதிக விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

6. ரசீது வாங்க வேண்டும்.

வீட்டில் உள்ள காசை விற்பவருக்கும் இதே கணக்கு உதவும். சாம்பலும் புளியும் போட்டுக் காசைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் எழுத்து அழியும். சேகரிப்பவர் தரும் விலை குறையும். மண் தோண்டும்போது காசுக் குவியல் கிடைத்தால் அது புதையல். அதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

பயிற்சி

1. ஒரு ரூபாயில் 1941 என்று இருக்கிறது. எடை 11.66 கிராம். அதில் எத்தனை கிராம் வெள்ளி?

2. 1918-ஆம் ஆண்டு ரூபாய் தேய்ந்து 11.40 கிராம் இருக்கிறது. சுத்த வெள்ளி எவ்வளவு? (எடையை 12-ஆல் வகுத்து 11-ஆல் பெருக்குக.)

3. கொல்லம் 1112 எந்த ஆங்கில ஆண்டு?

4. உங்கள் ஊரில் இன்று ஒரு கிராம் வெள்ளி என்ன விலை? கேட்டு எழுதுக.

விடை: 1. 5.83 கிராம். 2. 10.45 கிராம். 3. 1936–37. திருவிதாங்கூர்க் கோயில்களில் எல்லாச் சாதி இந்துக்களும் நுழையலாம் என்று அரச விளம்பரம் வந்த ஆண்டு அதுவே.