மிஞ்சும் சூட்டில் சுழலும் இயந்திரம்

1996இல் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் கொட்டில் போட்ட குடும்பங்களுக்கு மண்ணெண்ணெயின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் நீர்ப்பம்பி இருந்தும் எண்ணெய் இல்லாமல் துலாவுக்குத் திரும்பினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். 2022இல் எரிபொருள் வரிசை நாடு முழுவதற்கும் வந்தது. எனவே, "எண்ணெய் இல்லாமல் வெறும் சூட்டில் ஓடும் இயந்திரம் உண்டாமே?" என்று கேட்பதில் வியப்பில்லை. உண்டு. ஆனால் அது எவ்வளவு வேலை செய்யும் என்று அறிந்த பின்பே காசைச் செலவழிக்க வேண்டும்.

ஸ்கொத்லாந்துப் போதகர் றொபேட் ஸ்டேர்லிங் 1816இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதில் நீராவி இல்லை. அடைபட்ட காற்று மட்டுமே. சூடேறினால் காற்று விரியும், குளிர்ந்தால் சுருங்கும். 1983இல் குரோசியப் பேராசிரியர் இவோ கோலின், கொதிநிலைக்குக் குறைந்த வெந்நீரிலேயே ஓடும் வகையைக் காட்டினார்.

நெல் அவித்த நீர், இறக்கிய கேத்தில் ஆகியவற்றின் சூடு இதற்குப் போதும். சுமார் 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள இரண்டு அலுமினியத் தட்டுகளை எடுத்து, இடையே 2 சென்ரிமீற்றர் உயரமான பிளாஸ்ரிக் வளையம் வைத்து ஒட்டுவோம். வளையம் தகரமாக இருக்கக் கூடாது. கீழ்ச் சூடு அதன் வழியே மேலே ஏறிவிடும். உள்ளே 1 சென்ரிமீற்றர் தடிப்பான றெஜிபோம் வட்டம், சுவரைத் தொடாமல், 8 மில்லிமீற்றர் ஏறி இறங்க வேண்டும். அதன் மெல்லிய கம்பி மேல்தட்டில் ஒரு சிறு குழாயினூடாக வெளியே வரும். மேல்தட்டில் இன்னொரு துளையின்மேல் 3 சென்ரிமீற்றர் அகலக் குழாய்த் துண்டை ஒட்டி, அதன் வாயில் பலூன் றப்பரைத் தளர்வாகக் கட்டுவோம். இரண்டையும் சைக்கிள் கம்பியில் வளைத்த ஒரே அச்சில் பூட்டி, நுனியில் சில்லு மாட்டுவோம். இரண்டு வளைவுகளுக்கும் இடையே 90 பாகை இருக்க வேண்டும்; றெஜிபோம் முந்த, றப்பர் கால் சுற்றுப் பிந்தும்.

றெஜிபோம் மேலே போகும்போது காற்று சூடான அடித்தட்டுக்கு வந்து விரிந்து றப்பரைத் தள்ளும். கீழே வரும்போது காற்று மேலே குளிர்ந்து றப்பரை உள்ளே இழுக்கும். இது தானாகக் கிளம்பாது. சில்லை விரலால் ஒருமுறை சுண்டிவிட வேண்டும். மேல்தட்டில் ஈரத்துணி போட்டால் வேகம் கூடும். சோளகக் காற்றில் அது இன்னும் நன்றாகக் குளிரும்.

இனிக் கணக்கு. 90 பாகைச் சூட்டுக்கும் 30 பாகைக் குளிருக்கும் இடையே, எவ்வளவு திறமையாகச் செய்தாலும், சூட்டின் 6இல் 1 பங்குக்கு மேல் வேலையாக மாறாது. இது இயற்கை விதி. வீட்டில் செய்ததில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கிடைப்பது அரிது. 1 உவாற்று வலு கிடைத்தாலும் 20 அடிக் கிணற்றிலிருந்து மணிக்கு 60 லீற்றர் நீர்தான் ஏறும். மேலே சொன்ன அளவில் செய்தது அந்த 1 உவாற்றையும் தராது. துலாவில் நிற்பவர் சில நிமிடங்களில் அதை இறைத்துவிடுவார். ஆகவே மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நீர் பாய்ச்ச இதை நம்பிப் பம்பியை விற்றுவிட வேண்டாம். உமியை நேரே எரித்து, மிகக் கூடிய சூட்டில் ஓடும் பெரிய ஸ்டேர்லிங் இயந்திரம் வேறு கதை. அதற்குக் கடைசல் பட்டறை வேண்டும்.

பிள்ளைகள் விஞ்ஞானம் படிக்க இது நல்ல பொருள். ஓடாவிட்டால் பெரும்பாலும் குற்றம் கசிவுதான். கம்பி வரும் குழாயில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு, ஒட்டிய இடங்களில் சவர்க்கார நுரை தடவி, றப்பரை மெல்ல அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தை மீண்டும் ஒட்டுங்கள். நெருப்பின்மேல் நேரே வைக்க வேண்டாம், றெஜிபோம் உருகிவிடும்.