வைக்கோல் கொடாமல் செங்கல் கேட்கலாமா?

பாடப் பகுதி: யாத்திராகமம் 5-ம் அதிகாரம்; நெகேமியா 3 முதல் 6 வரை



காலை ஏழு மணிக்கு நம்முடைய ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். தாம்பரம் பக்கம் போகிற கூட்டம் ஒருபுறம். மறைமலைநகர், செங்கல்பட்டு பக்கம் போகிற கூட்டம் மறுபுறம். ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இந்தக் கூட்டத்தில் நம் சபையாரும் இருக்கிறார்கள். அவர்களில் அநேகர் வேலை செய்கிறவர்கள். சிலர் வேலை வாங்குகிறவர்கள். சூப்பர்வைசர், கடை முதலாளி, நாலு மெஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்துகிற சகோதரி, மேஸ்திரி என்று பல பேர்.

வேலை வாங்குகிறவர்கள் ஜெபக் குறிப்பு கொடுக்கும்போது அடிக்கடி ஒன்றைக் கேட்கிறோம். "பிரதர், எங்கிட்ட வேலை செய்யறவங்க மனசு மாறணும்னு ஜெபிச்சுக்கோங்க. எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க. ஆளுங்களே சரியில்ல."

ஜெபிப்போம், தவறில்லை. ஆனாலும் ஜெபிக்கிறதற்கு முன்னே நம்மை நாமே கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. அதுதான் இந்தப் பாடம்: நாம் கேட்கிற செங்கலுக்கு வைக்கோல் கொடுத்தோமா?

ஆளோட்டிகளின் கணக்கு

யாத்திராகமம் 5-ம் அதிகாரத்தில் பார்வோன் செய்ததைக் கவனியுங்கள். செங்கல் அறுக்கிறவர்களுக்குக் கொடுத்துவந்த வைக்கோலை நிறுத்தினான். ஜனங்கள் தாளடிகளைத் தேடி தேசமெங்கும் அலைந்தார்கள். ஆனால் செங்கல் கணக்கைக் குறைத்தானா? இல்லை! நேற்று எத்தனையோ இன்றைக்கும் அத்தனை. கணக்குக் குறைந்தபோது அவன் கண்டுபிடித்த காரணம் என்ன? இவர்கள் சோம்பேறிகள் என்பதுதான்.

அடி வாங்கினது யார் என்றும் பாருங்கள். ஆளோட்டிகளுக்கும் ஜனங்களுக்கும் இடையிலே வைக்கப்பட்டிருந்த தலைவர்கள். இன்றைக்கு மேனேஜரிடம் திட்டு வாங்கிவந்து, அதே திட்டைத் தொழிலாளியிடம் இறக்குகிற சூப்பர்வைசருக்கு இந்த அதிகாரம் நன்றாகவே புரியும்.

ஏற்பாட்டில் இருக்கிற குறையை ஆளின் குணத்தில் ஏற்றிச் சொல்வது பார்வோன் காலத்துப் பழக்கம். அது இன்னும் ஒழியவில்லை.

நான் எழுதின ஒரு ரிப்போர்ட்

பிரியமானவர்களே, இதை மற்றவர்களைக் குறைசொல்ல எழுதவில்லை. அநேக வருஷங்களுக்கு முன்னே நான் ஒரு சிறிய பட்டறையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். தகடு வெட்டுகிற பவர் பிரஸ் மெஷின்கள் அங்கே உண்டு. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் வெளியே இருந்தால் விரலுக்கு ஆபத்து இல்லை. அதற்காக வைத்த ஏற்பாடு அது.

அங்கே ஒரு வாலிபன் ஒரு பொத்தானில் மரச்சில்லைச் சொருகிவிட்டு, ஒரு கையால் பிரஸ் ஓட்டினான். மறு கையால் தகடு எடுத்தான். வேகமாகப் போகும். "பாதுகாப்பே முதன்மை" என்று எழுதின பலகைக்குக் கீழேதான் அவன் மெஷின் இருந்தது. நான் இரண்டு முறை பார்த்துத் திட்டியிருக்கிறேன். மூன்றாவது முறை பார்த்தும் பாராததுபோலப் போனேன். ஏனென்றால் அன்றைக்கு டிஸ்பாட்ச் இருந்தது.

அந்த வாரத்திலேயே அவனுடைய இரண்டு விரல் போயிற்று.

ரிப்போர்ட்டில் நான் எழுதினேன்: தொழிலாளியின் அலட்சியம். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அந்தத் தம்பி மெதுவாகச் சொன்னான்: "சார், ரெண்டு பொத்தான் அமுக்கினா நீங்க கேட்ட கவுண்ட் வராது சார். வந்துச்சுன்னு நீங்கதானே என்னைப் பாராட்டினீங்க."

எனக்குப் பேச வாயில்லை. தினமும் ஷிஃப்ட் முடிவில் நான் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை பீஸ்? பலகை ஒன்றைப் போதித்தது. என் வாய் வேறொன்றைப் போதித்தது. அவன் என் வாய்க்குக் கீழ்ப்படிந்தான்.

சிவப்பு மணிகள்

எட்வர்ட்ஸ் டெமிங் (1900-1993) என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் 1950-ல் ஜப்பானுக்குப் போய், பொருளின் தரத்தை எப்படிக் காப்பது என்று அங்குள்ள தொழில் அதிபர்களுக்கும் பொறியாளர்களுக்கும் போதித்தார். அவர் பெயரால் 1951-ல் ஜப்பானில் ஒரு பரிசும் ஏற்பட்டது. அவர் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டியில் வெள்ளை மணிகள். அவற்றோடு ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மணிகள் கலந்திருக்கும். 50 குழி உள்ள ஒரு மட்டையால் மணிகளை அள்ள வேண்டும். வெள்ளை மட்டுமே வர வேண்டும். சிவப்பு வந்தால் குற்றம்.

அள்ளுகிறவர் கவனமாகத்தான் அள்ளுவார். சிவப்பு வரத்தான் செய்யும்! குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, அதிகமாக வந்தவருக்குத் திட்டு. அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கினவருக்கே அதிகம் வரும். கடைசியில் எல்லாருக்கும் புரியும்: குற்றம் கையில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. பெட்டியை நிரப்பினது தொழிலாளி அல்ல.

வேலையிடத்துத் தொல்லைகளில் மிகப் பெரும்பங்கு வேலையின் ஏற்பாட்டைச் சேர்ந்தது, அதைத் திருத்துகிற பொறுப்பு நிர்வாகத்தினுடையது என்பது அவர் போதனை. வேலையிடத்திலிருந்து பயத்தைத் துரத்த வேண்டும், வெறும் கோஷப் பலகைகளை எடுத்துவிட வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

அதே ஆட்கள், வேறு நடத்தை

"அதெல்லாம் நல்ல ஆளுங்க இருக்கிற இடத்துல நடக்கும்" என்று ஒருவர் சொல்லக்கூடும். அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. சண்டை, குடி, சொல்லாமல் லீவு என்று கெட்ட பெயர் எடுத்த ஆலை. ஐந்து பேரில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார் என்கிற நிலைமை. 1982-ல் மூடிவிட்டார்கள். 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதே இடத்தில் திரும்பத் திறந்தபோது, பெரும்பாலும் அந்தப் பழைய ஆட்களையே வேலைக்கு எடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் வேலைக்கு வராதவர்கள் 100-க்கு சுமார் 2 பேர்தான். கார்களின் தரமும் நாட்டிலேயே சிறந்தவைகளில் ஒன்று என்று பெயர் வாங்கினது.

ஆட்கள் மாறவில்லை. மாறினது என்ன? பலரை ஜப்பானுக்கு அனுப்பி வேலை கற்றுக்கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் வேலை செய்கிற இடத்துக்கு மேலே ஒரு கயிறு இருக்கும். குறை தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்தால் குழுத் தலைவர் ஓடி வருவார், திட்டுவதற்கு அல்ல, உதவி செய்வதற்கு. சரியாகாவிட்டால் லைனே நிற்கும். "நீ சொன்னால் நாங்கள் கேட்போம்" என்பதை அந்தக் கயிறு தினமும் சொன்னது.

நாம் நினைக்கிறது, முதலில் மனம் மாறட்டும், பிறகு நடத்தை மாறும் என்று. அங்கே நடந்தது தலைகீழ். நல்லபடி வேலை செய்ய வழி உண்டாக்கினார்கள். மனம் பின்னாலே வந்தது.

நம்முடைய நாட்டிலும் உண்டு

தூர தேசத்துக் கதை என்று நினைக்காதிருங்கள். சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-ல் அந்த டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் முதன்முதல் பெற்றது அதுதான். 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் பெற்றது. இந்த முறையில் ஒரே பிரிவில் வேலை செய்கிற சிலர் குழுவாகக் கூடி, தங்கள் இடத்துக் குறையைத் தாங்களே எழுதி, காரணம் தேடி, திருத்திப் பார்க்கிறார்கள். மெஷினோடு எட்டு மணி நேரம் இருக்கிறவனுக்குத் தெரிவது ஆபீஸில் இருக்கிறவருக்குத் தெரியாதல்லவா?

கடைகளையும் பாருங்கள். ஜவுளிக் கடையில் சாயங்காலம் விற்பனைப் பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எத்தனை பேர் குறை சொல்லியிருக்கிறோம்! காலையிலிருந்து நின்ற கால் அது என்று யார் நினைத்தோம்? 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டு, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்றாயிற்று. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. முகத்தை மாற்றச் சொல்வதற்கு முன்னே ஒரு நாற்காலி போட வேண்டியிருந்தது. அதுவும் வைக்கோல்தான்.

நெகேமியா செய்தது

பார்வோனுக்கு எதிர்ப்பக்கத்தில் நெகேமியா நிற்கிறார். அலங்கம் கட்டுகிற வேலையில் அநேகருக்கு அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள பங்கே கிடைத்தது (அதி. 3). தன் வீட்டுக்கு எதிரே ஓட்டை விட யாருக்கு மனம் வரும்? பலம் குறைந்துபோயிற்று என்று ஜனங்கள் சொன்னபோது சோம்பல் என்று சொல்லவில்லை, காவலை மாற்றி அமைத்தார் (அதி. 4). கடன் தொல்லையால் கூக்குரல் வந்தபோது கேட்டு, யோசித்து, பெரியவர்களைக் கண்டித்துத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். 12 வருஷம் அதிபதிக்குரிய படியை வாங்காமல், தாமும் அந்த வேலையிலே நின்றார் (அதி. 5). 52 நாளில் அலங்கம் முடிந்தது (அதி. 6).

நாம் செய்ய வேண்டியது

1. காரணத்தைக் கேளுங்கள். "ஏன் லேட்டு?" என்று அதட்டுகிற குரலில் அல்ல. "எந்த வண்டியில வர்றீங்க? எங்க சிக்கல்?" என்று கேளுங்கள். ஷிஃப்ட்டைக் கால்மணி நேரம் தள்ளினால் தீருகிற காரியமாக இருக்கலாம்.

2. ஒரே ஒரு பழக்கத்தை எடுங்கள். பத்துக் காரியத்தை ஒரே நாளில் திருத்தப் பார்த்தால் ஒன்றும் நிற்காது.

3. நீங்கள் தினமும் கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். எண்ணிக்கை மட்டும் கேட்டால் எண்ணிக்கை மட்டுமே கிடைக்கும். "இன்னைக்கு எது தடையா இருந்துச்சு?" என்றும் கேளுங்கள்.

4. குறை சொன்னவரைத் தண்டிக்காதிருங்கள். நம் பகுதியில் வேலை போகிற பயம் வீண் பயம் அல்ல. 2022-ல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்றதை நாம் கண்டோம். பயந்தவன் வாயை மூடுவான். குறை உள்ளேயே வளரும்.

5. பாராட்டைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "நல்லா செய்யறே" என்பதைவிட, "அந்த வளைஞ்ச தகட்டை நிறுத்தி வச்சியே, அது நல்ல காரியம்" என்பது மனதில் நிற்கும். கடிந்துகொள்வதைத் தனியே சொல்லுங்கள்.

6. முதலில் நீங்கள் செய்யுங்கள். ஹெல்மெட் போடாத சூப்பர்வைசர் சொல்லி யார் போடுவார்கள்?

அப்படியானால் தொழிலாளியிடம் குற்றமே இல்லையா? உண்டு. திருடுகிறவரும் ஏமாற்றுகிறவரும் எங்கேயும் உண்டு. வைக்கோல் கொடுத்த பிறகும் செங்கல் வராவிட்டால் அந்த ஒருவரிடம் நேராகப் பேசுங்கள். ஒருவனுக்காக எல்லாரையும் சந்தேகிக்காதிருங்கள். வேலை செய்கிறவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: குறையை மறைக்காதிருங்கள். அடுத்த ஷிஃப்ட்டில் வருகிறவனும் யாரோ ஒரு தாய்க்குப் பிள்ளை.

அந்தத் தம்பியை இப்போதும் சில சமயம் ஜி.எஸ்.டி. ரோட்டில் பார்க்கிறேன். "நல்லா இருக்கீங்களா சார்?" என்று அதே கையைத் தூக்குகிறான். மூன்று விரல். அவன் மன்னித்துவிட்டான் என்று எனக்குத் தெரியும். அந்த ரிப்போர்ட்டில் யாருடைய அலட்சியம் என்று எழுதியிருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இதை உங்களுக்கு எழுதுகிறேன். திங்கட்கிழமை காலையில் உங்களுக்குக் கீழே இருக்கிறவர்களைப் பார்க்கும்போது, முதலில் அவர்கள் கையில் வைக்கோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக் கூட்டத்தில் பேச:

1. உங்கள் வேலையிடத்தில் "ஆள் சரியில்லை" என்று சொல்லப்படுகிற ஒரு காரியத்தை எடுங்கள். அதில் ஏற்பாட்டின் குறை எவ்வளவு?

2. உங்களுக்குக் கீழே இருக்கிறவர் கடைசியாக உங்களிடம் ஒரு குறையைத் தைரியமாகச் சொன்னது எப்போது?

3. வீட்டு வேலைக்கு வருகிற சகோதரிக்கு இந்தப் பாடம் எப்படிப் பொருந்தும்?