மாசியில் முதல் வலை: எந்த மீனைப் பிடிப்பது, எதை விட்டுவைப்பது?

தை முடிந்து மாசி பிறந்ததும் பண்ணைக் குட்டைகளில் நீர் இறங்கத் தொடங்குகிறது. மீன் வளர்க்கும் சிறு விவசாயிகள் இந்தச் சமயத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இப்போதே பிடித்துவிடலாமா? இன்னும் இரண்டு மாதம் விட்டால் எடை ஏறுமே, சித்திரையில் பிடிக்கலாமா?" எல்லாவற்றையும் இப்போதே பிடித்தால், வளர வேண்டிய மீனைக் குறைந்த எடையில் விற்றதாக ஆகிவிடும். எல்லாவற்றையும் சித்திரை வரை விட்டால், ஒரே இரவில் மொத்த மீனும் செத்து மிதக்கும் அபாயம் உண்டு. மாசியில் ஒரு பங்கு, பங்குனியில் ஒரு பங்கு, குளம் வற்றும்போது மீதி என்று பிரித்துப் பிடிப்பதே இலாபம் தரும். அதிலும் எந்த மீனை முன்னால் எடுப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று ஒரு வரிசை உண்டு.

இதன் காரணம் நீரின் வெப்பத்தில் இருக்கிறது. மீன் குளிர் இரத்தப் பிராணி. அதன் உடல் சூடு நீரின் சூட்டைப் பொறுத்தே ஏறி இறங்கும். அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பனி உருகி நீர் சற்றுச் சூடேறியதும் தூண்டில் போடுவோர் ஆற்றுக்கும் ஏரிக்கும் கிளம்பிவிடுவார்கள். குளிர்காலம் முழுவதும் ஆழத்தில் மந்தமாகக் கிடந்த டிரவுட், பாஸ் ஆகிய மீன்களுக்கு அப்போதுதான் பசி எடுக்கும். பாஸ் மீன் வெயில் பட்ட ஆழமற்ற கரையோரத்துக்கு வந்து இரை தேடும். நீர் 16 முதல் 18 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறியபின் அங்கேயே கூடு பறித்து முட்டையிடும். அங்கே சூடு மீனுக்கு நன்மை செய்கிறது. நம் சமவெளிக் குளங்களில் அதே மாதங்களில் ஏறும் சூடு முதலில் தீனியைக் கூட்டும், பிறகு மூச்சை அடைக்கும்.

நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத்தான் மீன் செவுள் வழியாகச் சுவாசிக்கிறது. 10 டிகிரி குளிர்ந்த நீர், லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரி நீரில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். அதே வேளையில் நீரின் சூடு 10 டிகிரி ஏறினால் மீனுக்கு வேண்டிய பிராணவாயு ஏறக்குறைய இரு மடங்காகிறது. வரவு குறைந்து செலவு கூடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். டிரவுட் மீன் நம் மாநிலத்தில் நீலகிரி மலையின் ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மட்டும் பிழைத்திருப்பதற்கு இதுவே காரணம். 1907-ல் அங்கே அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் தொடங்கப்பட்டது. அந்த மீனை மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுவந்து குட்டையில் விட்டால் ஒரு கோடையைக்கூடத் தாண்டாது. சில விவசாயிகள் டிரவுட் குஞ்சு கிடைக்குமா என்று விசாரிக்கிறார்கள். சமவெளியில் அந்த ஆசை வேண்டாம். நமக்குக் கட்லா, ரோகு, மிர்கால், கெண்டை வகைகளே ஏற்றவை. இவை 25 முதல் 32 டிகிரி வரை நன்றாகத் தின்று வளரும். பிராணவாயு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நலம். 3-க்குக் கீழே போனால் தீனி எடுப்பது குறையும். அதற்கும் கீழே போனால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 சென்ட் குட்டையில் புரட்டாசியில் 1,000 குஞ்சுகள் விட்டு, மாசியில் 800 மீன் மிஞ்சியிருப்பதாகக் கொள்வோம். சராசரி அரைக் கிலோ என்றால் மொத்தம் 400 கிலோ. தையில் 5 அடி நீர் இருந்தபோது குட்டையில் சுமார் 3,000 கன மீட்டர் நீர் இருந்தது. நீர் இரண்டரை அடிக்கு இறங்கினால் பாதி நீர் இருக்கும் என்று நினைக்கக்கூடாது. கரை சரிவாக இருப்பதால் பரப்பும் சுருங்கி, 1,200 கன மீட்டர் அளவுக்கு வந்துவிடும். தையில் ஏழரை கன மீட்டருக்கு ஒரு கிலோ மீன் என்றிருந்தது, பங்குனியில் 3 கன மீட்டருக்கு ஒரு கிலோ என்றாகிறது. இதற்கிடையில் மீன் வளர்ந்து எடையும் கூடியிருக்கும். மாசியிலேயே 150 கிலோ எடுத்துவிட்டால் மீதி மீனுக்கு இடமும் மூச்சும் கிடைக்கும். உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு என்று தீனி போடுபவருக்கு, நாளைக்கு 8 கிலோ தவிடு-பிண்ணாக்குக் கலவை போட்ட இடத்தில் 5 கிலோ போதும். கைக்குக் காசும் வந்துவிடும். அதைக் கொண்டு அடுத்த இரண்டு மாதத் தீனியை ரொக்கத்துக்கு வாங்கலாம்; தீனிக் கடன் கொடுத்த வியாபாரிக்கே அவர் சொன்ன விலைக்கு மீனைப் போடவேண்டிய நிர்ப்பந்தமும் இராது.

முதல் வலையில் எடுக்க வேண்டியது வெள்ளிக் கெண்டை. இது மேல்மட்டத்தில் மேய்ந்து கட்லாவுக்குத் தீனிப் போட்டியாக இருப்பது. பிராணவாயு குறைந்தால் தாங்கும் சக்தியும் இதற்குக் குறைவு; முதலில் சாவதும் இதுதான். இதை எடுத்துவிட்டால் கட்லா நன்றாகத் தேறும். வலையை இழுக்கும்போது வெள்ளிக் கெண்டை துள்ளித் தாண்டிவிடும். ஆகவே இரண்டு ஆட்கள் வலையின் மேல் கயிற்றை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து வரவேண்டும். அடுத்து எடுக்க வேண்டியவை, வயிறு பெருத்த சாதாக் கெண்டைகள். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய குட்டையில் இனப்பெருக்கம் செய்வதில்லை. சாதாக் கெண்டையோ தை, மாசியில் பாசி, கொடிகளின்மேல் முட்டையிட்டுவிடும். நீர் வற்றும் காலத்தில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் சேர்ந்தால் தீனியும் போயிற்று, மூச்சும் போயிற்று. பெரிய கட்லா, புல்கெண்டைகளில் ஒரு பகுதியையும் எடுக்கலாம். மிர்காலை இப்போது துரத்த வேண்டியதில்லை. அது அடிமட்டத்து மீன். சேற்றோடு ஒட்டி, இழுவலையின் அடியில் நழுவிவிடும். வற்றும்போது தானாகக் கைக்கு வரும்.

விரால், தேளி போன்றவற்றைக் கடைசிவரை விடலாம். இவை மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடியவை. முழங்கால் நீரிலும் சாகா. உயிரோடு விற்றால்தான் விராலுக்கு விலை. அதற்கும் அவசரம் கிடையாது. தூண்டிலில் தவளையோ சிறு மீனோ கோத்து விரால் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நீர்மட்டத்தில் செம்பழுப்பான குஞ்சுக் கூட்டம் ஒன்று கொதிப்பது போலத் தெரிந்தால், அதன் அடியில் தாய் தந்தை விரால்கள் காவல் நிற்கும். அந்த நேரத்தில் வரும் எதையும் அவை சீறிக் கடிப்பதால் பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. குஞ்சுகள் பிரிந்து போகும்வரை அந்த ஜோடியை விட்டுவைக்கவேண்டும். பாஸ் மீனும் இதே போல் கூட்டைக் காக்கும் இனம்தான். அங்கே ஆண் மட்டும் காவல் இருக்கும்.

பாஸைப் பற்றி இன்னொரு செய்தியும் நமக்குப் பயன்படும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஆபர்னில் ஸ்விங்கிள் என்ற விஞ்ஞானி, 1930-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் பண்ணைக் குட்டைகளில் ஆராய்ச்சி செய்தார். புளூகில் என்ற சிறு மீனையும், அதன் குஞ்சைத் தின்னும் பாஸையும் சேர்த்து வளர்த்தபோது, பாஸை அளவு மீறிப் பிடித்த குட்டைகளில் புளூகில் பெருகி, எல்லாம் விரல் நீளத்திலேயே நின்றுவிடுவதைக் கண்டார். இரை மீனையே அதிகம் பிடிக்கவேண்டும், அதைத் தின்னும் மீனை அளவாகப் பிடிக்கவேண்டும் என்பது அங்கே விதியாயிற்று. நம் குட்டைகளில் புளூகில்லின் வேலையைச் செய்வது ஜிலேபிக் கெண்டை. 1952-ல் நம் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த மீன், இரண்டு மூன்று மாத வயதிலேயே முட்டையிட்டு, குஞ்சுகளை வாயில் வைத்துக் காத்துப் பெருக்கும். உங்கள் குட்டையில் ஜிலேபி புகுந்திருந்தால், மாசி வலையில் சிக்கும் ஜிலேபி எவ்வளவு சிறியதானாலும் திருப்பி விடவேண்டாம். விராலை மட்டும் விட்டுவைத்தால் மீதிக் குஞ்சை அது பார்த்துக்கொள்ளும். கெண்டைக் குஞ்சு விரலளவில் இருக்கும்போது மட்டும் விரால் உடன் இருக்கக்கூடாது. வாய்க்கு அடங்கும் எதையும் அது விழுங்கிவிடும்.

வலை போடும் நேரம் முக்கியம். பகலில் நீரிலுள்ள பச்சைப் பாசி வெயிலைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்குகிறது. இரவில் பாசியும் மீனும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. ஆகவே விடிவதற்குச் சற்று முன்புதான் பிராணவாயு மிகக் குறைவு. சந்தைக்கு நேரமாகிறது என்று கோழி கூவும் நேரத்தில் வலை இழுத்து, அடிச் சேற்றையும் கலக்கினால், பிடிபட்ட மீனைவிட விடுபட்ட மீன் அதிகம் சாகும். குளத்தை அடியோடு காலி செய்யும் நாளில் மட்டும் அதிகாலை சரி. பகுதி பிடிப்பதானால் சூரியன் ஏறிய பிறகு 7 மணிக்கு மேல் தொடங்கி, வெயில் உறைக்கும் முன் முடிக்கவேண்டும். மேகமூட்டமான நாளின் மறுநாள் காலையில் வேண்டாம். ஒரே நாளில் ஒரே இடத்தில் இரண்டு முறை இழுப்பதும் கூடாது.

முதல் நாள் தீனி நிறுத்தவேண்டும். சாணம் போடுவதைச் சில நாள் முன்பே நிறுத்திவிடவேண்டும். வயிறு காலியான மீன் நெடுநேரம் கெடாது. சிறு மீனைக் கரையில் போட்டுப் பொறுக்காமல், வலை நீரில் இருக்கும்போதே ஈரக் கையால் எடுத்துத் திருப்பி விடவேண்டும். செதில் உதிர்ந்த மீனுக்குப் புண் வரும். கரையிலேயே எடை போட்டு, உங்கள் நோட்டில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். சந்தை தூரமானால் இந்த வெயிலுக்கு மீனும் ஐஸும் சரிபாதி எடை வேண்டும். ஐஸில் மிச்சம் பிடிப்பவர்கள் மாலையில் விலையில் இழக்கிறார்கள்.

பங்குனியில் தினமும் விடியலில் ஒரு நடை குட்டைக்குப் போய் வாருங்கள். மீன் மேலே வாய் பிளந்து நின்றால் கையைத் தட்டிப் பாருங்கள். சட்டென்று உள்ளே மூழ்கினால் அன்று தீனியைக் குறைத்தால் போதும். தட்டியும் அசையவில்லை, நத்தைகள் கரையேறி நிற்கின்றன என்றால் நிலைமை மோசம். உடனே மோட்டாரைப் போட்டு நீரை ஒரு பலகையின்மேலோ கல்லின்மேலோ மோதிச் சிதறி விழும்படி விடவேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பிராணவாயு குறைவாக இருக்கும். குழாயை நீருக்குள் விட்டு நிரப்பினால் பயனில்லை. காற்றில் சிதறி விழுந்தால்தான் பலன். கிணறு இல்லாதவர் குட்டை நீரையே இறைத்து அதிலேயே சிதறவிடலாம்.

நீரின் நிறத்தையும் பாருங்கள். முழங்கை நனையும்வரை கையை நேராக நீருக்குள் விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரியவேண்டும். முழங்கை எட்டும் முன்பே, ஒரு சாண் ஆழத்திலேயே கை மறைந்துவிட்டால் பாசி மிதமிஞ்சிவிட்டது. சாணத்தையும் தீனியையும் நிறுத்தி, இரண்டாவது வலையை முன்தள்ளிப் போடவேண்டும். இப்படி நீலப்பச்சைப் பாசி படர்ந்த குட்டை மீனில் சேற்று வாடை வரும். சித்திரையில் குளத்து மீனை வாங்குவோர் முகம் சுளிப்பது இதனால்தான். பிடித்த மீனைத் தெளிந்த கிணற்று நீர் ஓடும் தொட்டியில் சில நாள் தீனியின்றி விட்டு வைத்தால் வாடை குறையும். ஆனால் தொட்டியும் கிணறும் உள்ளவருக்கே அது சாத்தியம். மற்றவர்கள் மாசி, பங்குனியிலேயே பெரும்பகுதியை விற்றுவிடுவது மேல்.

ஏரி, கண்மாய்களில் மீன் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுகிறது. உங்கள் ஊர்க் கண்மாயில் யாருக்கு உரிமை என்று ஊராட்சியிலோ மீன்துறை அலுவலகத்திலோ கேட்டுக்கொண்டு வலையைத் தொடுங்கள்.

சித்திரையில் குட்டை வற்றியதும் எஞ்சிய மிர்காலையும் விராலையும் கையாலேயே எடுத்துவிடலாம். நல்ல விரால் ஜோடிகள் சிலவற்றை ஓர் ஆழமான மூலைக் குழியில் விட்டுவைத்தால் அடுத்த மழைக்கு வித்தாகும். அந்தக் குழியில் ஜிலேபி இல்லாதபடி பார்த்துக்கொண்டு, மற்றப் பரப்பைத் தரை வெடிக்கும்வரை காயவிடவேண்டும். அடியில் படிந்த வண்டலை அள்ளி வயலுக்கு அடிக்க அதுவே தக்க சமயம்.