வில்லின் இடப்பக்கம்: ஓர் இளம் வில்லிசைக் கலைஞருக்குக் கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நீ கொடுத்தனுப்பிய முத்துப்பட்டன் கதை நோட்டு போன செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. ஆடி அமாவாசைக்குக் காரையாற்றில் பாட வேண்டும், பெரியப்பா ஒரு தடவை பார்த்துத் தர வேண்டும் என்று எழுதியிருந்தாய். இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை கண்ணால் படித்தேன். இரண்டாம் தடவை வீடு அடங்கிய பிறகு, தொடையில் தாளம் போட்டு வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன்.

காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு வருகிறேன்.

அந்தச் சிவப்பு மை எதற்கு?

வில்லுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து இடம் பாடுகிறவர் எங்கே ‘ஆமா’ போட வேண்டும், எங்கே ‘அப்படியா’ கேட்க வேண்டும், எங்கே ‘பிறகு என்ன ஆச்சு’ என்று இழுக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். 214 இடம். அவர் வாயைத் தைத்துவிட்டாய், மகளே. நீ எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் கேட்பார் என்றால், அது கேள்வியா? நீயே கேட்டு நீயே பதில் சொல்லிக்கொள்வதற்கு இரண்டாவது தொண்டை எதற்கு?

நாம் ஏன் ஒருவராகப் போய் உட்காராமல் வலமும் இடமுமாக உட்காருகிறோம் என்று என்றைக்காவது யோசித்தாயா? எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிற சனம் வாய் திறந்து நம்மிடம் கேட்க முடியாது. அவர்கள் சார்பில் ஓர் ஆளை நம் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறோம். அவர் ஊர்க்காரர், ஊருக்கு எங்கே விளங்கவில்லையோ அங்கே அவர் கேட்பார். ஊருக்கு எங்கே நெஞ்சு அடைக்கிறதோ அங்கே அவர் பேசாமல் இருந்துவிடுவார். அந்தப் பேசாமல் இருப்பதை எந்த மையால் எழுதுவாய்?

இப்போது நான் பார்க்கிற குழுக்களில் எல்லாம் இந்த வியாதி வந்திருக்கிறது. வலம் பாடுகிற அண்ணாவிக்கு ஒரு மைக், குடத்துக்கு ஒரு மைக், கீபோர்டுக்கு ஒரு மைக். இடப்பக்கத்து ஆளுக்கு மைக் இல்லை, அல்லது சத்தம் குறைத்து வைத்த ஒன்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். வீசுகோலை அழகாகச் சுழற்றுகிறார்கள், நாணில் மணி கலகலக்கிறது, பத்தி குடத்து வாயில் விழுகிற விழுகைக்கு நெஞ்சு அதிர்கிறது. கதை மட்டும் ஒற்றைக் காலில் நிற்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். நீ வில்லை முதலில் கேட்டது வானொலியில். அங்கே நேரம் அளந்த நேரம். எழுதி வைத்துப் பாடாவிட்டால் கதை பாதியில் நிற்கும். சுப்பு ஆறுமுகம் ஐயா நகரத்து மேடைக்காகவே வில்லை வளைத்தவர். காந்தி கதையை வில்லில் பாடினார், 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார், மறு வருஷம் போய்ச் சேர்ந்தார். அந்த மனிதரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது மேடை. அங்கே சனம் கேட்டுவிட்டுக் கைதட்டி எழுந்து போகும். கோவில் கொடையில் நாம் பாடுவது சாமி வருவதற்கு. சாமியாடுகிற கோமரத்தாடிக்கு எந்த நிமிஷத்தில் அருள் வரும் என்று நோட்டில் குறித்து வைக்க முடியுமா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1974, பங்குனி மாசம். எனக்கு இருபது வயது. தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர்க் கொடையில் இதே பட்டன் கதை. என் ஆசானுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நடுச்சாமத்துக்கு மேல் நீ எடு என்று வீசுகோலை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடு மறித்துக் கொண்டுபோனவர்களோடு பட்டன் சண்டை போடுகிற இடத்தில் நானே கட்டிய அடிகள் முப்பதோ நாற்பதோ வைத்திருந்தேன். அதைப் பாட வேண்டும் என்ற அவசரத்தில் கதையை விரட்டிக்கொண்டு போனேன். வெட்டினான், விழுந்தார்கள், ஜெயித்தான், மறைந்திருந்தவன் வந்தான், குத்தினான், பட்டன் செத்தான். அவ்வளவுதான். மூன்று நிமிஷம் இருக்கும்.

கோமரத்தாடி எழுபது வயதுப் பெரியவர். சந்தனமும் மாலையுமாகப் பீடத்துக்குப் பக்கத்தில் நின்றவர் நின்றபடியே நிற்கிறார். ஒரு விரல் அசையவில்லை. நையாண்டி மேளக்காரர்கள் என்னைப் பார்க்கிறார்கள். கோவில் தர்மகர்த்தா எழுந்துவிட்டார். ஆசான் தலையைக் குனிந்துகொண்டார்.

இடப்பக்கம் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். பகலில் பனையேறுவார். அவர் தாளத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “என்ன சொன்னீரு? குத்திட்டானா?”

குத்திட்டான் என்றேன்.

“முன்னால நின்னா குத்துனான்?”

இல்லை, பின்னால.

“பட்டன் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான் அப்போ?”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சண்டை முடிந்து களைத்துப் போனவன், தண்ணீரில் கை கழுவக் குனிந்திருந்தான் என்றேன். குடக்காரர் அடியைக் குறைத்தார். “குனிஞ்சிருந்தவனையா...” என்று அந்த மனுஷர் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் சொன்னார். பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் அழுதது. பிறகு அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். எந்தப் பக்கத்து விலா, ரத்தம் எந்தத் திசையில் ஓடியது, அவன் பெண்டாட்டிமார் பொம்மக்காவுக்கும் திம்மக்காவுக்கும் யார் போய்ச் சொன்னது. கால்மணி நேரம் ஆகியிருக்கும். பெரியவருடைய தோள் துடித்ததை நான் பார்க்கவில்லை, மேளம் சட்டென்று எழுந்ததைத்தான் கேட்டேன்.

அன்றைக்கு நான் கட்டிய அடி ஒன்றுகூட எவருக்கும் நினைவிருக்காது. அந்த மூன்று கேள்வி எனக்கு ஐம்பது வருஷமாக நினைவிருக்கிறது. அதனால்தான் உன் சிவப்பு மையைப் பார்த்ததும் எனக்கு அப்படிக் கோபம் வந்தது. உன் குழுவில் இடம் பாடுகிற அந்தத் தம்பிக்குக் கதையைச் சொல்லிக் கொடு, தாளத்தைச் சொல்லிக் கொடு. கேள்வியை அவனிடமே விட்டுவிடு. முதல் இரண்டு கொடையில் தப்பாகக் கேட்பான், இடம் தவறிச் சிரிப்பான். பொறுத்துக்கொள்.

இனி 22-ஆம் பக்கம். அந்தப் பெண்களின் தகப்பன் வாலப்பகடை, பிராமணனான முத்துப்பட்டனிடம், குடுமியை அறுத்து, பூணூலைக் கழற்றி, தோல் பதப்படுத்தி, செருப்புத் தைத்துக் கொண்டுவந்தால்தான் பெண் தருவேன் என்கிற இடம். அந்தத் தோல் வேலையை ஒரு பக்கம் முழுக்கப் பாடியிருக்கிறாய். சுண்ணாம்பில் ஊறப் போடுவது, மயிர் சுரண்டுவது, ஆவாரம்பட்டைத் தண்ணீர், கை வெந்து தோல் உரிவது, அந்த நாற்றம் சோற்றில் கைவைக்கும்போது மூக்கில் ஏறுவது. யாரிடம் கேட்டு எழுதினாய்? யாரோ செய்தவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் அந்த இடத்தை நாலு அடியில் தாண்டிப் போனவர்கள். பட்டன் பூணூலை அறுத்ததைப் பெரிதாகப் பாடுவோம், அவன் வேலை செய்ததைப் பாட மாட்டோம். நீ பாடியிருக்கிறாய். மகளே, இந்தக் கதைக்கு இப்படி ஒரு பக்கம் வேண்டும் என்று எனக்கு இத்தனை வருஷத்தில் தோன்றவே இல்லை. இந்த ஒரு பக்கத்துக்காக உன் காலைத் தொட்டுக் கும்பிட்டாலும் தப்பில்லை. ஆசான் இருந்திருந்தால் உன்னை வலத்தில் உட்கார வைத்துவிட்டு அவர் குடத்தை எடுத்திருப்பார்.

அப்படி எழுதிய கையா 38-ஆம் பக்கத்தை எழுதியது?

பொம்மக்காவும் திம்மக்காவும் பிராமண வீட்டில் பிறந்த குழந்தைகள், காட்டில் கிடந்தார்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தான். இதைப் பதினோரு அடியில் பாடியிருக்கிறாய். அதுவும் அவர்கள் தீப்பாய்கிற இடத்துக்கு முன்னால், ஒரு ரகசியம் வெளிப்படுவது மாதிரி. அச்சில் வந்த பிரதியில் அப்படித்தான் இருக்கிறது என்பாய். இருக்கிறது. பேராசிரியர் நா. வானமாமலை 1971-இல் முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தபோது, இது பின்னால் யாரோ செருகியது என்று காரணத்தோடு சொல்லிவிட்டார். அவர் சொல்லாவிட்டாலும் கதையே சொல்கிறது. பெண்கள் பிராமணப் பெண்கள் என்றால் பட்டன் பூணூலை எதற்கு அறுத்தான்? அண்ணன்மார் அவனைக் கல் அறைக்குள் பூட்டியது எதற்கு? நீ 22-ஆம் பக்கத்தில் வேக வைத்த கை எதற்கு வெந்தது?

நானும் பாடியவன்தான். ஆசானுடைய ஏட்டில் இருந்தது, பாடினேன். மேலே சொன்ன கொடைக்கு நாலைந்து வருஷம் கழித்து, வேறோர் ஊரில், விடியற்காலையில் வாழி பாடி முடித்துக் குடத்திலிருந்து வில்லை அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெரியவர் வந்தார். ராத்திரி முழுக்கப் பந்தலுக்கு வெளியே, புளியமரத்துக்குக் கீழே நின்று கேட்டவர். அவர் தெருக்காரர்கள் அங்கேதான் நிற்க வேண்டும், அப்போது. பாட்டு நல்லா இருந்துச்சு சாமி என்றார். போகாமல் நின்றார். பிறகு கேட்டார்: “எங்க வீட்டுப் பிள்ளைகள ஏன் சாமி வேற வீட்டுல பொறக்க வச்சிய?”

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அன்றைக்குப் பிறகு அந்த அடிகளை நான் எந்த ஊரிலும் பாடவில்லை. இரண்டு ஊரில் அதற்காகக் கொடைப் பணத்தில் பிடித்தார்கள்.

பார், அந்தப் பெரியவர் கேட்டதும் ஒரு கேள்விதான். நம் இடப்பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவரை நாம் அங்கே உட்கார வைக்கவில்லை, அதனால் விடியும்வரை காத்திருந்து கேட்டார்.

காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயனாக நிற்கிற முத்துப்பட்டனுக்குச் செருப்புதான் காணிக்கை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் அப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். தொங்குகிற செருப்பெல்லாம் தேய்ந்திருக்கும், பட்டன் போட்டு நடக்கிறான் என்று சனம் நம்புகிறது. அந்தச் செருப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, செருப்புத் தைத்தவர் வீட்டுப் பெண்களை அந்த வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு போகாதே.

நோட்டை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். 38-ஆம் பக்கத்தில் அந்தப் பதினோரு அடிக்கும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். மற்றதில் கை வைக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாகவே காரையாற்றுக்கு வந்துவிடுவேன். இடம் பாடுகிற தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. நோட்டைக் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு
உன் பெரியப்பா